ஃபாரின் கீ பிழை வந்தால் எங்கிருந்து தேடுவது? புதியவர்களுக்கான செய்முறை

புறக்கோட்டை கெய்சர் வீதியில் மாமாவுக்கு மொத்தத் துணிக்கடை. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு வியாபாரிகள் வந்து கடனுக்குச் சரக்கெடுப்பார்கள். கணக்குப்பிள்ளை ஐயா ஒரு தடித்த கொப்பி வைத்திருந்தார். அதில் ஆளுக்கு ஒரு பக்கம். பில் போடும்போது அந்த ஆளின் பக்க எண்ணைப் பில்லின் மூலையில் எழுதுவார். கொப்பியில் பக்கம் இல்லாத ஆளுக்குக் கடன் பில் போடமாட்டார். பில் நிலுவையில் இருக்கும்போது அந்த ஆளின் பக்கத்தைக் கிழிக்க யாரையும் விடவும் மாட்டார்.

ஃபாரின் கீ செய்வதும் இந்த இரண்டு வேலைகளைத்தான். பாடப்புத்தகத் தமிழில் அதை அந்நியச் சாவி என்பார்கள். வாடிக்கையாளர் அட்டவணைதான் கொப்பி, விற்பனை அட்டவணைதான் பில் கட்டு. பில்லில் இருக்கும் வாடிக்கையாளர் எண் கொப்பியிலும் இருக்கவேண்டும் என்று தரவுத்தளமே காவல் நிற்கிறது. அந்தக் காவலாளி கையை நீட்டித் தடுக்கும்போதுதான் நமக்குப் பிழைச்செய்தி வருகிறது. கடைக் கணக்குகளை எக்செலிலிருந்து மைஎஸ்கியூஎல் 8.0 தரவுத்தளத்துக்கு மாற்றியபோது நான் மாட்டிக்கொண்ட பிழைகளை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அட்டவணை, புல (நெடுவரிசை) பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், மைஎஸ்கியூஎல் ஏற்றுக்கொள்ளும்.

படி 1: பிழை எண்ணைப் பாருங்கள்

செய்தி நீளமாக இருப்பதால் பலர் அதை வாசிக்காமலே கூகுளுக்குப் போகிறார்கள். முதலில் எண்ணை மட்டும் பாருங்கள்.

1452 வந்தால், பக்கம் இல்லாத ஆளுக்குப் பில் போடப் பார்க்கிறீர்கள். விற்பனையில் எழுதும் எண் வாடிக்கையாளர் அட்டவணையில் இல்லை.

1451 வந்தால், பில் இருக்கும் ஆளின் பக்கத்தைக் கிழிக்கவோ அதன் எண்ணை மாற்றவோ பார்க்கிறீர்கள்.

3780, 1822, 1824 ஆகியவற்றில் ஒன்று வந்தால் தரவில் சிக்கல் இல்லை. இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும் விதத்திலேயே தவறு இருக்கிறது. 8.0க்கு முந்தைய பதிப்புகளில் இவற்றுக்குப் பதிலாக 1215 என்ற ஒரே எண்தான் பெரும்பாலும் வரும். அது காரணத்தைச் சொல்லாது.

1451, 1452 செய்திகளில் எண்ணுக்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் இருக்கும் பகுதியை வாசியுங்கள். எந்த அட்டவணை, எந்தக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (கட்டுப்பாட்டு விதி), எந்தப் புலம், எந்த அட்டவணையின் எந்தப் புலத்தைப் பார்க்கிறது என்று நான்கும் அங்கே இருக்கும். அட்டவணைப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஹேஷ் குறியோடு புரியாத பெயர் ஒன்று இருந்தால் பயப்படவேண்டாம். அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை ஓடும்போது மைஎஸ்கியூஎல் உருவாக்கும் தற்காலிக அட்டவணையின் பெயர் அது. ஏற்கெனவே தரவு நிரம்பிய அட்டவணைக்கு ஃபாரின் கீ சேர்க்கிறீர்கள், உள்ளே கெட்ட வரிகள் இருக்கின்றன என்று அர்த்தம். எனக்கும் அப்படித்தான் வந்தது.

படி 2: 1452 என்றால், தடுத்த மதிப்பைக் கண்டுபிடியுங்கள்

போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தைப் பயன்படுத்துபவர்களுக்கு இது எளிது. 23503 என்ற குறியீட்டோடு வரும் டீடெய்ல் வரியே இந்த எண் அந்த அட்டவணையில் இல்லை என்று மதிப்போடு சொல்லிவிடும். மைஎஸ்கியூஎல் செய்தியில் மதிப்பு இருக்காது. அதற்கு இந்தக் கட்டளை:

ஷோ என்ஜின் இன்னோடிபி ஸ்டேட்டஸ்;

வெளியீடு மிக நீளம். அதில் லேட்டஸ்ட் ஃபாரின் கீ எரர் என்ற தலைப்பைத் தேடுங்கள். கடைசியாக எந்த வரி தடுக்கப்பட்டது, தாய் அட்டவணையில் (நமக்கு வாடிக்கையாளர் அட்டவணை) அதற்கு மிக அருகில் எந்த வரி இருக்கிறது என்ற இரண்டும் அங்கே இருக்கும். பகிர்வு ஹோஸ்டிங்கில் இதற்கு அனுமதி கிடைக்காமல் போகலாம், ப்ராசஸ் என்ற உரிமை வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள், அதுவே போதும்.

எனக்குக் கிடைத்த வெளியீட்டில் ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) 80000000 என்று இருந்தது. எட்டுக் கோடி என்ற எண்ணில் வாடிக்கையாளர் எங்கே இருந்தார் என்று ஒரு மாலை முழுவதும் எக்செலில் தேடினேன். உண்மையில் அது பூச்சியம். குறியுள்ள இன்ட் எண்களைச் சேமிக்கும்போது மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு என்ஜினான இன்னோடிபி முதல் பிட்டைத் திருப்பி வைக்கிறது. எதிர் எண்கள் நேர் எண்களுக்கு முன்னால் வரிசைப்படவேண்டும் என்பதே காரணம். அதனால் 0 என்பது 80000000 ஆகவும் 57 என்பது 80000039 ஆகவும் தெரியும். முன்னால் உள்ள 8ஐ எடுத்துவிட்டு மிச்சத்தைப் பதினாறடிமான எண்ணாக வாசியுங்கள். அன்சைன்ட் (குறியில்லாத) புலமாக இருந்தால் இந்த 8 இருக்காது.

படி 3: அநாதை வரிகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுங்கள்

ஸ்டேட்டஸ் கடைசியாகத் தடுக்கப்பட்ட வரியை மட்டுந்தான் காட்டும். தாய் வரி இல்லாத பிள்ளை வரிகளை மொத்தமாகப் பார்க்க இதை ஓட்டுங்கள்:

செலக்ட் வி.வாடிக்கையாளர்எண், கவுன்ட்(*)
ஃப்ரம் விற்பனை வி
லெஃப்ட் ஜாயின் வாடிக்கையாளர் வா ஆன் வி.வாடிக்கையாளர்எண் = வா.எண்
வேர் வா.எண் இஸ் நல் அண்ட் வி.வாடிக்கையாளர்எண் இஸ் நாட் நல்
குரூப் பை வி.வாடிக்கையாளர்எண்;

லெஃப்ட் ஜாயின் எல்லா பில்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் பக்கம் தேடும். பக்கம் கிடைக்காத பில்லுக்கு வாடிக்கையாளர் பக்கத்துப் புலங்கள் நல் (மதிப்பே இல்லாத வெறுமை) ஆகும். நாம் அவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறோம். இணையத்தில் பலர் நாட் இன் எழுதச் சொல்வார்கள். உள் வினவலில் ஒரே ஒரு நல் வந்தாலும் நாட் இன் ஒரு வரியையும் தராது, நீங்கள் தரவு சுத்தம் என்று நம்பிவிடுவீர்கள். லெஃப்ட் ஜாயினையே பழகுங்கள்.

எங்கள் கடைத் தரவில் இந்தப் பட்டியல் மூன்று விதமாகப் பிரிந்தது.

பெரும்பாலானவை 0. கைக்காசுக்கு வாங்கிப்போனவர்களுக்குக் கணக்குப்பிள்ளை ஐயா பக்க எண் எழுதுவதில்லை, எக்செலிலும் அந்தக் கட்டம் வெறுமைதான். லோட் டேட்டா லோக்கல் கட்டளை வெறுங்கட்டத்தை எண் புலத்தில் 0 ஆக்கி, ஒரு எச்சரிக்கையை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டது. வெறுமை என்றால் நல், 0 என்றால் 0ஆம் வாடிக்கையாளர். ஃபாரின் கீ நல்லைக் கேள்வி கேட்காமல் விடும், 0ஐத் தடுக்கும். அந்தப் புலம் நல்லை ஏற்கும் என்று உறுதிசெய்துவிட்டு இதைச் செய்தேன்:

அப்டேட் விற்பனை செட் வாடிக்கையாளர்எண் = நல் வேர் வாடிக்கையாளர்எண் = 0;

அடுத்தவை, எக்செலில் யாரோ அழித்துவிட்ட வாடிக்கையாளர்கள். பில் இருக்கிறது, ஆள் இல்லை. இதற்கு எஸ்கியூஎல்லில் விடை கிடையாது. பழைய கொப்பியைத் திறந்து, “ஐயா, 57 யார்?” என்று கேட்டுத்தான் சேர்க்கவேண்டும். அந்த வரிகளை அழித்தால் பிழை உடனே மறையும், கூடவே ஒருவர் தரவேண்டிய காசும் கணக்கிலிருந்து மறையும். இது என்ன தரவு, யாருடைய காசு என்று தெரியாமல் அநாதை வரியில் டிலீட் போடாதீர்கள்.

மூன்றாவது விதம் எழுத்துச் சாவிகளில் வரும். கடன் உத்தரவாத அட்டவணை ஒன்றில் தேசிய அடையாள அட்டை எண்ணைச் சாவியாக வைத்திருந்தோம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வரும் அட்டைகளில் 12 இலக்கம். ஒரே ஆள் ஓர் அட்டவணையில் பழைய எண்ணோடும் மற்றதில் புதிய எண்ணோடும் இருந்தார். தரவுத்தளத்துக்கு அவர்கள் இரண்டு பேர். பழைய எண்ணின் முன்னால் 19, பிறந்த நாளைக் குறிக்கும் இலக்கங்களுக்குப் பின் ஒரு 0, கடைசி எழுத்து நீக்கம் என்று மாற்றிச் சரிசெய்தோம். இலங்கையில் மென்பொருள் எழுதுபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, அடையாள அட்டை எண்ணை ஒரு தனிப் புலமாக வையுங்கள், சாவியாக வைக்காதீர்கள்.

எழுத்துச் சாவியில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளும் ஒளிந்திருக்கும். 8.0இன் இயல்பான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) வரிக்கடைசி இடைவெளியையும் ஓர் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். பழைய கொலேஷன்கள் பல அதைப் பொருட்படுத்தாது. அதனால் பழைய சேர்வரில் ஓடியது புதியதில் ஓடாமல் நிற்கலாம். லெங்த் பைட்டுகளை எண்ணும், கேர் லெங்த் எழுத்துகளை எண்ணும், இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். எதிர்பார்த்த நீளத்தைவிடக் கூடுதலாக இருந்தால் இடைவெளி. வெறும் இலக்கங்களுக்கு இரண்டும் வேறுபட்டால் எக்செலிலிருந்து வந்த உடையா இடைவெளி (நான்-பிரேக்கிங் ஸ்பேஸ்) போன்ற ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது.

படி 4: 1451 என்றால், யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

கடையை மூடிவிட்டுப் போன ஒரு வியாபாரியின் பெயரை எடுக்கச் சொன்னார் மாமா. டிலீட் கொடுத்தவுடன் 1451. செய்தி ஓர் அட்டவணையைச் சொல்லும், அதைச் சரிசெய்தால் இன்னொன்று வந்து நிற்கும். எல்லாவற்றையும் முன்கூட்டியே அறிய:

செலக்ட் டேபிள்_நேம், கொலம்_நேம், கன்ஸ்ட்ரெய்ன்ட்_நேம்
ஃப்ரம் இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா.கீ_கொலம்_யூசேஜ்
வேர் ரெஃபரன்ஸ்ட்_டேபிள்_நேம் = 'வாடிக்கையாளர்';

இந்த இடத்தில் ஆன் டிலீட் கேஸ்கேட் போட்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். போட்டால் பிழை வராதுதான். வாடிக்கையாளரோடு அவருடைய எல்லாப் பில்களும் போகும், வருட விற்பனை மொத்தமும் சத்தமில்லாமல் குறையும். கணக்குத் தரவில் கேஸ்கேட் வேண்டாம். நாங்கள் வாடிக்கையாளர் அட்டவணையில் நிலை என்று ஒரு புலம் சேர்த்து, அவரைச் செயலற்றவர் ஆக்கினோம். தற்காலிகக் கூடை, அதிலுள்ள பொருள்கள் போல தாய் இல்லாமல் பிள்ளைக்கு அர்த்தமே இல்லாத இடங்களில் கேஸ்கேட் பொருந்தும்.

படி 5: இணைப்பே உருவாகாவிட்டால்

ஷோ கிரியேட் டேபிள் விற்பனை;
ஷோ கிரியேட் டேபிள் வாடிக்கையாளர்;

இரண்டு வெளியீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3780 என்றால் புல வகை பொருந்தவில்லை. ஒன்று இன்ட், மற்றது பிக்இன்ட். அல்லது ஒன்று அன்சைன்ட், மற்றது இல்லை. எழுத்துப் புலமென்றால் நீளம் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை, கேரக்டர் செட்டும் (எழுத்துக் குறியாக்கமும்) கொலேஷனும் ஒன்றாக இருக்கவேண்டும். லாராவெல் (பிஎச்பி கட்டமைப்பு) பழகுபவர்களுக்கு இது அடிக்கடி வரும். 5.8 முதல் புதிய அட்டவணைகளின் ஐடி பிக்இன்ட் அன்சைன்ட், அதற்கு முன்னே செய்த பழைய அட்டவணைகளில் இன்ட் அன்சைன்ட். 1822 என்றால் தாய்ப் புலத்துக்கு இன்டெக்ஸ் இல்லை. 1824 என்றால் தாய் அட்டவணை இன்னும் உருவாகவில்லை, அட்டவணைகளை உருவாக்கும் மைக்ரேஷன் கோப்புகளின் வரிசையை மாற்றுங்கள்.

பிழையே வராமல், காவலும் இல்லாமல் இருப்பது இவற்றைவிட மோசம். அட்டவணை இன்னோடிபியில் இல்லாமல் மைஐசாம் என்ற வேறு சேமிப்பு என்ஜினில் இருந்தால் ஃபாரின் கீ கட்டளையை அது ஏற்றுக்கொண்டதுபோல் காட்டிவிட்டு விட்டுவிடும். எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன் கொடுக்கவேண்டும்.

காவலை அணைப்பது பற்றி

செட் ஃபாரின்_கீ_செக்ஸ் = 0 என்ற வரியை எல்லோரும் எப்படியோ கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். மைஎஸ்கியூஎல்டம்ப் எடுக்கும் காப்புப்பிரதிக் கோப்பின் தலையிலும் இது இருக்கும். அங்கே நியாயம் உண்டு: முழுமையான, ஏற்கெனவே சுத்தமான தரவை எந்த வரிசையிலும் ஏற்றவேண்டும். நாமே புதுத் தரவை இப்படி ஏற்றினால் கதை வேறு. பிறகு 1 ஆக்கும்போது, இடையில் நுழைந்த வரிகளை மைஎஸ்கியூஎல் திரும்பிப் பார்க்காது. கெட்டது உள்ளேயே தங்கும். ஒரு நிறுவனத்தில் இப்படி இரண்டு வருடம் கிடந்த தரவை நான் பிரித்தெடுத்திருக்கிறேன். பில்லில் பெயர் வெறுமையாக அச்சாகும்வரை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அணைத்தே ஆகவேண்டுமென்றால், திரும்ப ஏற்றியவுடன் படி 3இல் உள்ள வினவலை ஓட்டுங்கள்.

படி 6: காவல் நிற்கிறதா என்று சோதியுங்கள்

எல்லாம் சரிசெய்து ஃபாரின் கீயைச் சேர்த்த பிறகு, இல்லாத ஓர் எண்ணை வேண்டுமென்றே கொடுங்கள்:

ஸ்டார்ட் ட்ரான்சாக்ஷன்;
இன்சர்ட் இன்டு விற்பனை (வாடிக்கையாளர்எண், தொகை) வேல்யூஸ் (999999, 100);
ரோல்பேக்;

இன்சர்ட் வரியில் 1452 வரவேண்டும். வராமல் ஒரு வரி சேர்ந்தது என்று சொன்னால் என்ஜினிலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்குங்கள்.