கிரெப்: தேடிய வரியோடு அக்கம்பக்கத்தையும் எடுப்பது எப்படி

கிரெப் என்பது ஃபைலில் ஒரு சொல் உள்ள வரிகளைத் தேடித் தரும் டெர்மினல் கட்டளை. அதை அப்படியே ஓட்டினால் பொருந்திய வரி மட்டும்தான் வரும். பாதி நேரம் நமக்கு வேண்டியது அதற்கு மேலேயோ கீழேயோ இருக்கும். லாக் ஃபைலில் எரர் ஒரு வரி, அதற்கான காரணம் நாலு வரி மேலே.

இதற்கு மூன்று ஆப்ஷன்கள். பெரிய எழுத்து ஏ கீழே உள்ள வரிகளைத் தரும், பி மேலே உள்ளவற்றை, சி இரண்டு பக்கமும். பின்னால் எத்தனை வரி என்று எண் கொடுக்கவும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் காட்டியிருக்கிறோம். டெர்மினலில் கட்டளையையும் ஆப்ஷனையும் ஆங்கில எழுத்தில் அடிக்கவும்.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் நிற்கும் 18 நிலையங்களையும் வரிக்கு ஒன்றாக, வரிசை மாறாமல் 'ரயில்' என்ற ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள்.

கிரெப் -என் -சி 1 பாக்கம் ரயில்

5-சேத்துப்பட்டு
6:நுங்கம்பாக்கம்
7:கோடம்பாக்கம்
8-மாம்பலம்
--
12-பழவந்தாங்கல்
13:மீனம்பாக்கம்
14-திரிசூலம்

சின்ன எழுத்து என் வரி எண்ணைக் காட்டும். எண்ணுக்குப் பிறகு முக்காற்புள்ளி இருந்தால் அது பொருந்திய வரி, சிறுகோடு இருந்தால் துணைக்கு வந்த வரி. நடுவில் உள்ள இரட்டைக் கோடு, இடையில் வரிகள் விடுபட்டிருக்கின்றன என்பதற்கு அடையாளம். 1-ஐ 3 ஆக்கிப் பாருங்கள்: கோடு காணாமல் போய், பூங்கா முதல் குரோம்பேட்டை வரை ஒரே தொகுப்பாக வரும். கோடம்பாக்கத்துக்குக் கீழே மூன்றாவதும் மீனம்பாக்கத்துக்கு மேலே மூன்றாவதும் கிண்டிதான். ஆனாலும் அது ஒரு தடவைதான் வரும்.

அதிகம் சறுக்குவது எழுத்தின் அளவில். பெரிய சி-க்குப் பதில் சின்ன சி போட்டால் அது 'எண்ணிக்கை மட்டும் சொல்' என்று அர்த்தம். அப்போது 1 என்பதே தேடும் சொல்லாகிவிடும், 'பாக்கம்' ஃபைல் பெயராகிவிடும். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்று எரர் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது பைப், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்புவது. மேலே உள்ள கட்டளையின் வெளியீட்டை இன்னொரு கிரெப்புக்கு அனுப்பி, சின்ன வி போட்டு மீனம்பாக்கத்தை நீக்கினால் அந்த ஒரு வரிதான் போகும்; பழவந்தாங்கலும் திரிசூலமும் அநாதையாக நிற்கும். தலைகீழாக, முதலில் சானடோரியத்தை நீக்கிவிட்டு தாம்பரத்துக்கு மேல் வரியைக் கேட்டால் குரோம்பேட்டை வரும். அது பக்கத்து நிலையமே இல்லை! வடிகட்ட வேண்டியதை முதல் கிரெப்பின் பேட்டர்னிலேயே (தேடும் சொல்லிலேயே) முடித்துவிடுவது நல்லது.

தமிழ் ஃபைல்களுக்கென்றே ஒரு வம்பு உண்டு. கண்ணெதிரே 'கோடம்பாக்கம்' இருக்கும், தேடினால் வராது. யூனிகோடில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். கிரெப்புக்கு வேறு வேறு. அவசரத்துக்கு 'டம்பாக்கம்' என்று தேடினால் கிடைத்துவிடும். ஃபைலையே சரிசெய்ய, ஐசியு என்ற யூனிகோட் மென்பொருள் தொகுப்பில் உள்ள யூகான்வ் கருவியில் என்எஃப்சி வடிவுக்கு, அதாவது ஒரே குறியீடாக வைக்கும் வடிவுக்கு, மாற்றுங்கள். நீங்கள் அடிக்கும் சொல்லும் அதே வடிவில் இருக்க வேண்டும்.

விண்டோஸின் தேடல் கட்டளையான ஃபைண்ட்ஸ்டரில், அக்கம்பக்கத்து வரிகளை எடுக்கும் வசதி கிடையாது. பவர்ஷெல்லில் செலக்ட்-ஸ்ட்ரிங் கட்டளைக்கு கான்டெக்ஸ்ட் என்ற ஆப்ஷன் இருக்கிறது. 2,3 என்று கொடுத்தால் மேலே இரண்டு, கீழே மூன்று.