படம் மங்கி மங்கி எரிந்தால் டிவியைத் திட்டாதீர்கள்

வெளிநாடு போய்வந்த கீழக்கரைச் சபுராளிகள் ஒரு காலத்தில் சுமந்து வந்த விசிஆர், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் பெட்டி, இன்னும் சில வீடுகளில் டிவிக்குக் கீழேயே இருக்கிறது. டிவிடி பிளேயரின் மஞ்சள் வயரை அதில் செருகி, அதன் வழியாக டிவிக்குக் கொண்டுபோவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. படம் வரும். ஆனால் கொஞ்ச நேரம் மங்கும், கொஞ்ச நேரம் வெளுக்கும், மேல் விளிம்பு வளையும். உடனே ‘பிக்சர் டியூப் போச்சு’ என்பார்கள். போகவில்லை. அது மேக்ரோவிஷன், படத்தை நகல் எடுக்க விடாமல் தடுக்க 1980களில் வந்த பூட்டு.

டிவிடி படத்தின் சிக்னலில், திரையில் தெரியாத சில வரிகளில் பொய்த் துடிப்புகளைச் சொருகி வைத்திருப்பார்கள். வரும் சிக்னலின் பலத்தைப் பார்த்துத் தானே ஏற்றி இறக்குவது விசிஆரின் வழக்கம். அந்தத் துடிப்புகளை நம்பி வெளிச்சத்தை அலைக்கழித்துவிடும். டிவி பெரும்பாலும் ஏமாறாது. ஆகவே டிவிடியை நேரே டிவியில் செருகுங்கள். ஆன்டெனா சாக்கெட் மட்டும்தான் இருக்கிறதா? மஞ்சள் வயரின் படத்தை ஆன்டெனா சிக்னலாக மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் போதும்.

சரி, எல்லாக் கோளாறையும் பூட்டின் தலையில் கட்டலாமா? அதுவும் தவறு. படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் மஞ்சள் வயரைப் பச்சை சாக்கெட்டில் செருகியிருப்பீர்கள், அல்லது பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்ற கலர் முறை மாறியிருக்கும். கடலோர ஊரான மண்டபத்தில் அக்கா வீட்டில் படம் புள்ளி புள்ளியாக வந்தது. வயரை உருவினால் அதன் உலோக முனை முழுக்கப் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று வேலை. கரண்டை அணைத்துவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பூச்சு உரிந்து, அடுத்த மழைக்குள் மறுபடி பூக்கும்.

புதுக் கருவிகளில் வரும் எச்டிஎம்ஐயை மஞ்சள் வயராக மாற்றும் டப்பா வாங்கும்போது திசையைப் பாருங்கள். எதிர்த்திசை டப்பாவும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். 2013க்குப் பிறகு தயாரான ப்ளூரே பிளேயரில் மஞ்சள் சாக்கெட்டைத் தேட வேண்டாம்.

அப்புறம் கல்யாணக் கேசட். மச்சான் அவருடையதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போனார். ‘நகல் எடுக்கத் தடை’ என்று நின்றுவிட்டது. “என் கல்யாணத்துக்கு யாரு மாப்ள பூட்டுப் போட்டா?” என்றார். யாரும் போடவில்லை. டேப் இழுபட்டால் அந்த மறைவு வரிகள் தள்ளாடும். ஏற்றும் கருவி அதையே பூட்டு என்று நினைத்துக்கொள்ளும். வேறு விசிஆரில் ஓட்டிப் பார்த்தோம், ஏறிவிட்டது. ஏறாவிட்டால் தள்ளாடும் சிக்னலைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வைத்திருக்கும் ஸ்டுடியோவில் கொடுக்கலாம். டேப்பில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் எந்த விசிஆரிலும் போட்டுவிடாதீர்கள், டேப்பைப் படிக்கும் ஹெட்டும் சேர்ந்து போய்விடும்.