தோற்ற அணியும் அடுத்த வாரம் வரணும்: வட்டாரக் கூடைப்பந்து லீக் நடத்தும் முறை

நட்புக்காக நடத்தும் லீக்குகள் பெரும்பாலும் இறுதியாட்டம் வரை போவதில்லை. கடைசி இடத்தில் இருக்கும் அணி மூன்றாவது வாரம் வராது. அடுத்த வாரம் இன்னொரு அணியும் காணாமல் போகும். அதனால் கீழே சொல்வதெல்லாம் அந்தக் கடைசி அணியை மனத்தில் வைத்துத்தான்.

படி 1: மூவர் ஆட்டம் போதும்

ஐவர் ஆட்டம் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் புதியவருக்கு அதில் பந்தே கிடைக்காது. மூவர் ஆட்டத்தில் அணிக்கு நால்வர், ஒருவர் மாற்று வீரர். அரைக் கோர்ட், ஒரு வளையம். 10 நிமிடம் ஆடலாம், அல்லது யார் முதலில் 21 புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. கோர்ட்டில் வரைந்திருக்கும் வளைவுக் கோட்டுக்கு உள்ளேயிருந்து போட்டால் 1 புள்ளி, வெளியேயிருந்து போட்டால் 2. இந்த வடிவம் முதலில் உலக மேடை ஏறியதே நம் சிங்கப்பூரில்தான், 2010 இளையர் ஒலிம்பிக்கில்.

படி 2: இடமும் நாளும்

சமூக மன்றக் கோர்ட்டை மக்கள் கழகத்தின் ஒன்பிஏ இணையத்தளம் வழியாகவும், ஆக்டிவ்எஸ்ஜி பொது விளையாட்டு இடங்களை அதன் செயலியிலும் பதிவு செய்யலாம். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கோர்ட்டில் லீக் வைப்பதானால் நகர மன்றத்திடம் முதலில் கேளுங்கள். அங்கே தினமும் ஆடும் பிள்ளைகளை விரட்டிவிட்டு நாம் ஆடுவது சரியில்லை. இரவு 10 மணிக்கு மேல் பந்து தட்டவும் கூடாது, மூன்றாம் மாடியில் தூங்குகிறவர் பாவம்.

நோன்பு மாதத்தில் மாலை 7 மணி ஆட்டம் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரத்தையும் விட்டுவிடுங்கள், பாதிப் பேர் தேக்கா கடைத்தெருவில் இருப்பார்கள்.

படி 3: அணிகளை நீங்களே பிரித்துவிடுங்கள்

முக்கியமான படி இதுதான். "நண்பர்களாகச் சேர்ந்து வாங்க" என்று விட்டால், பள்ளி அணியில் ஆடிய நால்வர் ஒன்றாக வந்து நிற்பார்கள். கதை அங்கேயே முடிந்துவிடும்.

24 பேரைத் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒரு மாலை சும்மா ஆடவிட்டுக் கவனித்து, திறமைப்படி வரிசைப்படுத்துங்கள். முதல் ஆறு பேரை அணி 1 முதல் 6 வரை போடுங்கள். அடுத்த ஆறு பேரைத் திருப்பி, 6 முதல் 1 வரை. அப்புறம் மறுபடி 1 முதல் 6, கடைசியாக 6 முதல் 1. அந்த வரிசைப் பட்டியலை மட்டும் யாருக்கும் காட்டாதீர்கள்!

"என் தம்பி என் அணியில்தான்" என்று ஓர் அண்ணன் கட்டாயம் வருவார். தம்பி புதியவர் என்றால் விட்டுக்கொடுக்கலாம். கெட்டிக்காரர் என்றால் முடியாது.

ரிசர்விஸ்ட் (தேசிய சேவை முடித்தவர்களுக்கான பயிற்சி) அழைப்பு வந்தால் ஆள் குறையும், எனவே நாலைந்து பேரைக் காத்திருப்புப் பட்டியலில் வையுங்கள். பணத்தைப் பேநவ் மின்பரிமாற்றம் வழியாக முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். காசு கட்டியவர் வருவார்.

படி 4: அட்டவணை

ஆறு அணிகள் ஒவ்வொன்றும் மற்றதோடு ஒருமுறை மோதினால் 15 ஆட்டம், இருமுறை என்றால் 30. முழுக் கோர்ட்டில் இரண்டு வளையம் இருப்பதால் ஒரே நேரத்தில் நான்கு அணிகள் ஆடும். மீதி இரண்டில் ஓர் அணி நடுவர் வேலை, இன்னொன்று புள்ளி எழுதும் வேலை. சுற்றுக்கு 20 நிமிடம், மாலைக்கு நான்கு சுற்று, அதாவது 8 ஆட்டம். வாரம் ஒரு மாலை ஆடினால் 30 ஆட்டமும் நாலு வாரத்தில் முடிந்துவிடும். மழைக்கென்று ஐந்தாவது வாரத்தையும் பதிவு செய்துவிடுங்கள்.

படி 5: ஆட்ட நாள்

கடிகாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டு, இரண்டரை நிமிடத்துக்கு ஒரு விசில் அடியுங்கள். ஒவ்வொரு விசிலுக்கும் ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. நால்வரும் ஆளுக்கு ஒருமுறை உட்காருவார்கள், யாரும் முழு ஆட்டமும் பெஞ்சில் இருக்கமாட்டார்கள். முறைப்படி 12 விநாடிக்குள் பந்தை வளையத்தை நோக்கி எறிய வேண்டும். நாம் அதை விட்டுவிட்டு, ரொம்ப இழுத்தால் நடுவர் சத்தமாகப் பத்து எண்ணினால் போதும். புதியவர் போட்டால் கூடுதல் புள்ளி என்று சிலர் வைப்பார்கள். எனக்குப் பிடிக்காது, அது அவரைச் சங்கடப்படுத்தும்.

திறந்தவெளி என்றால் மின்னல் எச்சரிக்கையை மைஎன்வி என்ற வானிலைத் தகவல் செயலியில் பாருங்கள். இடி கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் கூரைக்குக் கீழே கூப்பிடுங்கள். கணுக்காலுக்கு ஐஸ், அருகிலுள்ள புளோக்கில் ஏஇடி (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும்) கருவி எங்கே என்ற தகவல், ஆம்புலன்ஸுக்கான 995 என்ற எண் ஆகியவை கையில் இருக்கட்டும்.

படி 6: பாதியில் சரிசெய்யுங்கள்

முதல் 15 ஆட்டம் முடிந்ததும் புள்ளி வித்தியாசங்களைப் பாருங்கள். ஓர் அணி திரும்பத் திரும்ப எட்டு, பத்து புள்ளியில் தோற்றால், முதலிடத்து அணியிலிருந்து இரண்டாம் நிலை ஆட்டக்காரர் ஒருவரை அங்கே மாற்றுங்கள். முணுமுணுப்பு வரும். அதனால் இந்த விதியைப் பதிவின்போதே சொல்லிவிடுங்கள்.

வெற்றிகள் சமமானால் நேருக்கு நேர் ஆடியதில் வென்ற அணி மேலே. அதிலும் தீராவிட்டால் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்த அணி. வராமல் போனவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் கேள்வி போடாமல் தனியாக அழைத்துப் பேசுங்கள். அவர்கள் சொல்லும் காரணங்களை வைத்தே அடுத்த பருவத்தின் நேரத்தையும் நாளையும் முடிவு செய்யலாம்.