புரத ஊசியும் உடம்பின் ஞாபகமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

களுவாஞ்சிக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர் வீங்கிய விரல்களால் கிளினிக் கொப்பியை விரித்தார். "முதல் மூணு ஊசிக்கும் நல்ல சுகம் தம்பி, அதான் பிறகு வரல்ல. இப்ப போட்டும் கேக்குதில்ல." கொப்பியில் மூன்று திகதிகள், அப்புறம் ஏழு மாதம் வெறுமை, கடைசியில் ஒரு திகதி.

ஊசி, மூட்டுவாதத்துக்குப் போடும் இன்ஃபிளிக்சிமாப். முதல் நாள், 2ஆம் வாரம், 6ஆம் வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒரு முறை என்று போவது. பனடோல் போன்ற சின்ன மூலக்கூறை நோயெதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இது பெரிய புரதம். அதில் ஒரு பகுதி எலியிலிருந்து வந்தது. உடம்பு அதற்கு எதிராகப் பிறபொருளெதிரி, அதாவது அந்நியப் பொருளில் போய் ஒட்டும் தற்காப்புப் புரதம், செய்யும். இரண்டும் ஒட்டிக்கொண்டு கட்டியானதும் ஈரலும் மண்ணீரலும் அள்ளிக்கொண்டு போய்விடும். வாரக்கணக்கில் இரத்தத்தில் நிற்க வேண்டிய மருந்து சில நாளிலேயே காலி.

சுகம் என்று நிறுத்திவிட்டு மாதம் கழித்துத் திரும்பப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. யோசித்துப் பாருங்கள், தடுப்பூசியையும் இப்படித்தானே இடைவெளி விட்டுப் போடுகிறோம்? மருந்தையே தடுப்பூசி மாதிரிப் போட்டால் உடம்பு மருந்தை எதிர்க்கத்தான் கற்கும். திரும்பத் தொடங்கும்போது ஒவ்வாமைக்கும் வாய்ப்பு அதிகம்.

கூடவே தரும் மெதோட்ரெக்சேட்டை "ஈரலுக்குக் கூடாதாம்" என்று தாங்களாகவே விடுகிறவர்களும் உண்டு. வாரம் ஒரு முறை விழுங்கும் அந்தக் குளிசை பிறபொருளெதிரி உருவாவதையும் குறைக்கிறது. ஈரலைப் பற்றிப் பயமென்றால் இரத்தம் சோதிக்கலாம்.

ஊசி கேட்கவில்லை என்றதும் அளவைக் கூட்டச் சொல்வதும் எப்போதும் சரிவராது. இரத்தத்தில் மருந்து குறைவு, பிறபொருளெதிரியும் இல்லை என்றால் கூட்டிப் பார்க்கலாம். பிறபொருளெதிரி நிறைய இருந்தால் மருந்தை மாற்றுவதே வழி. மூட்டுவாதத்துக்கே போடும், முழுக்க மனிதப் புரதமான அடலிமுமாப் ஊசிக்கும் இந்த எதிர்ப்பு வருகிறது.

சிறுநீரக நோயாளிகளுக்குச் சிவப்பணு உருவாகத் தூண்டும் எரித்ரோபோயட்டின் ஊசியை அம்பாறை பஸ்ஸில் ஐஸ்கட்டிக்கு நடுவே புதைத்துக் கொண்டுவருவார்கள். உறைந்தாலும், பலமாகக் குலுக்கினாலும் புரதம் திரண்டுவிடும். திரண்ட புரதம் எதிர்ப்பை இன்னும் தூண்டும். 2 முதல் 8 பாகை செல்சியஸ் போதும், ஐஸ் மருந்தில் படக்கூடாது. 2000ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவில் இந்த மருந்துக்கு எதிராக உருவான பிறபொருளெதிரி, சிலருக்கு உடம்பு தானே சுரக்கும் எரித்ரோபோயட்டினையும் முடக்கியது. சிவப்பணு உற்பத்தியே நின்றுபோனது.

எனக்குப் பெரிய கவலை ஸ்ட்ரெப்டோகைனேஸ்தான். மாரடைப்பென்று வந்தவருக்கு இரத்தக்கட்டியைக் கரைக்க 15 இலட்சம் அலகு ஏற்றும் மருந்து. தொண்டைநோவு தரும் பக்டீரியா வகையிலிருந்து எடுப்பது. ஏற்றிய சில நாளிலேயே பிறபொருளெதிரி ஏறிவிடும், வருடக்கணக்கில் நிற்கவும் கூடும். இரண்டாம் முறை ஏற்றினால் கட்டியைத் தொடுமுன்பே மருந்து செயலிழக்கலாம், ஒவ்வாமையும் வரலாம். அப்போது டெனெக்டிபிளேஸ் போன்ற வேறொன்று வேண்டும். அதை முடிவெடுக்க, முன்பு எது ஏற்றினார்கள் என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரியில் எழுதித் தரும் அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் ஓர் ஐயாவிடம் கேட்டேன். "நெஞ்சு நோவுக்கு என்னவோ ஏத்தினவங்க மகன்," என்றார். அட்டை கல்முனையில், மகள் வீட்டு அலுமாரியில்.