கையுறை போட்டால் கை சுத்தமா? வார்டில் தினமும் நடக்கும் தவறுகள்

காலை டியூட்டிக்கு வந்ததும் ஒரு ஜோடி கையுறையை மாட்டிக்கொண்டு, முதல் பெட்டில் ட்ரிப் மாற்றி, அதே கையோடு கேஸ் ஷீட்டில் எழுதி, அப்படியே அடுத்த பெட்டில் யூரின் பேக்கைக் காலி செய்யப் போகிறவர்கள் நிறையப் பேர். நம் கையில் அழுக்குப் படவில்லை, சரி. நோயாளிக்கு? கையுறையின் வெளிப்பக்கத்தில் ஒட்டிய கிருமி பெட் பெட்டாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு நோயாளிக்கு ஒரு ஜோடிதான். அதன்மேல் சானிடைசர் தடவி அடுத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது. கழற்றும்போது கையில் கிருமி படும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளும் இருக்கலாம், அதனால் கழற்றியதும் கை கழுவியே ஆக வேண்டும்.

கை சுத்தம் செய்ய உலக சுகாதார நிறுவனம் 5 தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடும் முன், ஊசி, டிரெஸ்ஸிங் மாதிரி சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு முன், ரத்தமோ சிறுநீரோ பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். கடைசியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம், பெட் கம்பியையும் லாக்கரையும் தொட்டால் என்ன ஆகிவிடும் என்று. சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. கட்டைவிரலும் விரல் நுனியும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். வயிற்றுப்போக்கு நோயாளி என்றால் சோப்பும் தண்ணீரும்தான், சில கிருமிகளின் வித்துக்களை ஆல்கஹால் கொல்லாது.

அப்புறம் டிராலி. ஒரு டப்பாவில் பஞ்சை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வைத்து, ஆளாளுக்கு விரல் விட்டு எடுக்கிறார்கள். அந்த டப்பாவுக்குள்ளேயே கிருமி சேரும். தேவைப்படும்போது புதுப் பஞ்சில் ஸ்பிரிட் ஊற்றிக்கொள்ளுங்கள். பிளாஸ்டரை வெட்டிக் கட்டில் கம்பியில் ஒட்டிவைத்து, பிறகு கேனுலா (ட்ரிப் ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) மேல் ஒட்டுவதும் இதே கதைதான். பல டோஸ் எடுக்கும் மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியில் ஒரு ஊசியைக் குத்தியபடியே விட்டுவைப்பது இன்னும் மோசம், உள்ளே கிருமி போக அது திறந்த வழி.

யூரின் பேக் எப்போதும் நோயாளியின் சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. ஸ்ட்ரெச்சரில் கூட்டிப்போகும்போது பேக்கை நோயாளியின் வயிற்றின் மேல் தூக்கி வைத்துவிடுகிறோமே, அப்போது பேக்கில் இருப்பது திரும்ப உள்ளே போகும். காலி செய்யும் பாத்திரமும் ஆளுக்கு ஒன்று தனியாக வேண்டும்.

படுக்கைப் புண் விஷயத்தில் நல்ல மனதோடு செய்கிற தவறுகள்தான் அதிகம். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பதால் அழுத்தம் குறைவதில்லை. கெண்டைக்காலின் நீளத்துக்குத் தலையணை கொடுத்துக் குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வையுங்கள். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், ஏற்கெனவே நைந்த திசு இன்னும் கெடும். பக்கம் திருப்பும்போது இழுக்காமல், விரிப்போடு சேர்த்து இரண்டு பேராகத் தூக்குங்கள். வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பார்கள், ஒல்லியானவர், உணர்ச்சி இல்லாதவர் என்றால் தோலைப் பார்த்து இன்னும் அடிக்கடி திருப்ப வேண்டியிருக்கும்.

ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். அப்போது குத்துக்காயம் நிறைய நடக்கிறது. பயன்படுத்திய ஊசி நேராக, குத்தினாலும் துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள். குத்திவிட்டால் பிழிந்து ரத்தம் எடுக்க வேண்டாம், சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, வெட்கப்படாமல் உடனே பொறுப்பு டாக்டரிடம் சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை முதல் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 3 டோஸும் போட்டவர்கள்கூட, கடைசி டோஸ் முடிந்த 1 முதல் 2 மாதத்துக்குள் எதிர்ப்புச் சக்தி உண்டானதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு உண்டாவதில்லை.