டிவி, டிஸ்க் பிளேயர் வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக டிவியும் பிளேயரும் வாங்கியவர்களின் வீட்டுக்குப் போய் அவற்றை இணைத்து, அமைத்துக் கொடுப்பது என் வேலை. இப்போது டிஸ்க் சேர்க்கும் ஆசையோடு புதியவர்கள் நிறைய வருகிறார்கள். டிவிடி காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். பொருளின் பெயர்தான் மாறியிருக்கிறது. ப்ளக் செருகினீர்களா, ரிமோட்டில் பேட்டரி இருக்கிறதா என்பதையெல்லாம் இங்கே எழுதவில்லை. பணமும் நல்ல படமும் வீணாகிற இடங்களை மட்டும் சொல்கிறேன். முதல் தவறுக்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன், காரணம் படிக்கும்போதே தெரியும்.

பெட்டியில் ‘4கே’ என்று பார்த்ததும் வாங்கிவிடுவது

ஒரு பெரியவர் போன் செய்தார். “தம்பி, டிவி புதுசு, பிளேயர் புதுசு, டிஸ்க்கும் இப்பத்தான் பிரிச்சேன். போட்டா டிஸ்க்கைப் படிக்க முடியலைன்னு வருது. டிவியை மாத்திக் கொடுங்கன்னு கேக்கப் போறேன்” என்றார். போய்ப் பார்த்தேன். டிவியில் ஒரு குறையும் இல்லை. அவர் வாங்கியிருந்தது சாதாரண ப்ளூ-ரே பிளேயர். அதன் அட்டைப்பெட்டியில் ‘4கே’ என்று கண்ணைப் பறிக்கும் அளவில் ஓர் எழுத்து, அதற்குக் கீழே ‘அப்ஸ்கேலிங்’ என்று பொடி எழுத்தில் ஒரு வார்த்தை. டிஸ்க்குகளோ அத்தனையும் அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே, அதாவது நிஜமான 4கே டிஸ்க். ஆசை ஆசையாக ஒரு தட்டு நிறைய வாங்கி அடுக்கி வைத்திருந்தார். “இந்த பிளேயர்ல இதுல ஒண்ணுகூட ஓடாதுங்க ஐயா” என்று சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது.

இதே கதையை எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் அந்த மாதிரிப் பெட்டியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. வாங்கியவர் கவனக்குறைவானவர் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படித் தவறாகப் படிக்கும் விதத்தில்தான் அந்தப் பெட்டியில் எழுதியிருக்கிறது.

அப்ஸ்கேலிங் என்றால் இருக்கிற படத்தைப் பெரிதாக்குவது, அவ்வளவுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 720க்கு 576 அளவுள்ள டிவிடி படத்தில் 4,14,720 புள்ளிகள். ப்ளூ-ரேயில் 20,73,600. 4கே திரையில் 82,94,400. அதாவது டிவிடியைவிடச் சரியாக 20 மடங்கு. டிவிடியை 4கே ஆக்குகிறேன் என்று பிளேயர் சொன்னால், திரையில் தெரியும் ஒவ்வொரு 20 புள்ளிக்கும் ஒன்றுதான் டிஸ்க்கில் இருந்து வந்தது, மீதி 19 அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்பியது.

அந்த வேலையை உங்கள் டிவியே செய்துவிடும் என்பதுதான் இதில் கொடுமை. எந்த 4கே டிவியும் சின்னப் படத்தைத் தன் திரைக்கு ஏற்றபடி பெரிதாக்கித்தான் காட்டும்; இல்லாவிட்டால் படம் நடுவில் ஒரு சின்னக் கட்டமாக நிற்கும். பல டிவிகள் அதை மலிவு விலை பிளேயரைவிட நன்றாகவே செய்கின்றன. டிவியோடு ஏற்கெனவே வந்துவிட்ட வசதிக்கு இன்னொரு தடவை பணம் கட்டுகிறீர்கள்.

ஃபர்ம்வேரை, அதாவது பிளேயருக்குள் இருக்கும் மென்பொருளை, அப்டேட் செய்தால் ஓடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓடாது. ப்ளூ-ரே 2006இல் வந்தது. ஒரு டிஸ்க்கில் 25 அல்லது 50 ஜிபி. அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே 2016இல் வந்தது. 66 ஜிபி, மூன்று அடுக்கில் 100 ஜிபி வரை பிடிக்கும். படத்தைச் சுருக்கும் முறையும் வேறு, எச்இவிசி. டிஸ்க்கைப் பூட்டியிருக்கும் குறியாக்கமும் வேறு. இத்தனைக்கும் தகுந்த டிரைவும் சிப்பும் உள்ளே இருக்க வேண்டும். மென்பொருளால் அவற்றைக் கொண்டுவர முடியாது.

கேம் கன்சோலிலும் இதே குழி இருக்கிறது. பிளேஸ்டேஷன் 4 ப்ரோ 4கே கன்சோல்தான், கேம் 4கேயில் வரும். ஆனால் அல்ட்ரா எச்டி டிஸ்க்கை அது படிக்காது. டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5 படிக்கும். எக்ஸ்பாக்ஸில் ஒன் எஸ், ஒன் எக்ஸ், சீரீஸ் எக்ஸ் மூன்றும், டிஸ்க் டிரைவ் உள்ள வகையானால், படிக்கும். சீரீஸ் எஸ்ஸில் டிரைவே கிடையாது.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? ‘4கே’ என்ற எழுத்தை மறந்துவிடுங்கள். பிளேயரின் முகப்பில் ‘அல்ட்ரா எச்டி ப்ளூ-ரே’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் உறையின் மேல் பட்டையிலும் ‘அல்ட்ரா எச்டி’ என்று இருக்கும். உறையின் நிறமும் உதவும்: ப்ளூ-ரேக்குப் பெரும்பாலும் நீலம், அல்ட்ரா எச்டிக்குக் கருப்பு.

தவறாக வாங்கிவிட்டவர்களுக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. பல அல்ட்ரா எச்டி உறைகளில் சாதாரண ப்ளூ-ரே டிஸ்க் ஒன்றையும் சேர்த்து வைத்திருப்பார்கள். அந்தப் பெரியவரின் தட்டில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது. உறைக்குள் இரண்டாவது டிஸ்க் இருப்பதை அவர் கவனிக்கவே இல்லை. அன்று ராத்திரி அவர் படம் பார்த்தார். சரியான பிளேயரை அப்புறம் வாங்கிக்கொண்டார்.

சரியான பிளேயர் வாங்கியவர்களும் பாதி வழியில் தடுக்கி விழுகிறார்கள். பல டிவிகளில் எச்டிஎம்ஐ துளையின் முழு வேகத்தை நாம்தான் அமைப்புக்குள் போய்த் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் அதற்கு ‘இன்புட் சிக்னல் ப்ளஸ்’ என்று பெயர். எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’. சோனியில் ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’ என்ற இடத்தில் ‘என்ஹான்ஸ்டு’ என்று மாற்ற வேண்டும். மூடியே இருந்தால் படம் வரும், எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) வராமல் போகலாம். இன்னொரு சிக்கல், பிளேயருக்கும் டிவிக்கும் நடுவே பழைய சவுண்ட்பாரையோ, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரையோ மாட்டுவது. அதில் எச்டிசிபி 2.2 (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டின் ஒரு பதிப்பு) இல்லையென்றால் பிளேயர் 1080பிக்கு இறங்கிவிடும். 4கே வந்த புதிதில் விற்ற டிவி சிலவற்றில் ஒரே ஒரு துளையில்தான் எச்டிசிபி 2.2 இருக்கும், மாற்றிச் செருகிப் பாருங்கள்.

சோதிப்பது எளிது. படம் ஓடும்போது டிவி ரிமோட்டில் ‘இன்ஃபோ’ பட்டனை அழுத்துங்கள். 3840க்கு 2160 என்று வந்தால் மட்டும் நிம்மதி அடையாதீர்கள், அப்ஸ்கேல் செய்த டிவிடிக்கும் அதேதான் காட்டும். அநேகமாக எல்லா அல்ட்ரா எச்டி படங்களும் எச்டிஆரில்தான் வருகின்றன. ஆகவே பக்கத்தில் ‘எச்டிஆர்’ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

கருப்புப் பட்டையைப் பார்த்ததும் ஜூம் செய்வது

“இவ்வளவு பெரிய திரைக்குக் காசு கொடுத்திருக்கிறேன், மேலேயும் கீழேயும் ஏன் கருப்பாக இருக்கிறது?” என்று கேட்காத வீடே இல்லை. டிவி திரையின் அகலம் உயரத்தைப்போல 1.78 மடங்கு. பல திரைப்படங்கள் 2.39 மடங்கு அகலத்தில் எடுக்கப்பட்டவை. முழுப் படமும் தெரிய வேண்டுமானால் மேலும் கீழும் இடம் மிஞ்சித்தான் ஆகும். ஜூம் செய்தால் பட்டை போய்விடும், அதோடு படத்தின் இரு பக்கமும் சேர்ந்து கால் பங்கு வெட்டுப்பட்டுப் போகும். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று பேசும் காட்சியில் இரண்டு மூக்குகள் மட்டும் தெரியும். கீழே வரும் சப்டைட்டிலும் போய்விடும்.

பழைய 4:3 படங்களை இழுத்து நிரப்புவது இன்னும் மோசம். எல்லா முகமும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடும். அதைப் பார்த்துப் பழகியவர்கள், சரியான அளவில் வைத்தால் ‘ஒல்லியாக இருக்கிறதே’ என்கிறார்கள்! டிவியில் ‘16:9’, ‘ஒரிஜினல்’, ‘ஜஸ்ட் ஸ்கேன்’ போன்ற பெயர்களில் இருக்கும் அளவை வைத்துவிட்டு, பிளேயரிலும் டிவி வகை 16:9 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பிளேயரில் 4:3 என்று இருந்தால் டிவியில் எதை மாற்றினாலும் சரியாகாது.

கடையில் பார்த்த படம் வீட்டிலும் வேண்டும் என்பது

கடையில் வெளிச்சம் அதிகம். பக்கத்தில் இருக்கும் டிவிகளோடு போட்டி போட வேண்டும் என்பதற்காக அங்கே ‘விவிட்’ முறையில் ஓட விடுவார்கள். வீட்டுக் கூடத்தில் அது கண்ணைக் குத்தும், முகங்கள் நீலம் பூத்துத் தெரியும். முதல்முறை டிவியை இயக்கும்போது ‘வீடா, கடையா’ என்று அது கேட்கும். அவசரத்தில் ‘கடை’யைத் தொட்டுவிட்டால், நீங்கள் செய்யும் மாற்றங்கள் கொஞ்ச நேரத்தில் தானாக அழிந்து பழையபடி ஆகிவிடும். டிவி கெட்டுவிட்டது என்று என்னை அழைத்தவர்களில் சிலருக்கு இதுதான் பிரச்சினை.

‘மூவி’, ‘சினிமா’, ‘ஃபிலிம்மேக்கர்’ என்று இருக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் மஞ்சளாகத் தோன்றும். சில நாள் பொறுங்கள், கண் பழகிவிடும். அதற்குப் பிறகு பழைய முறைக்குப் போனால் அதுதான் நீலமாகத் தெரியும். ஷார்ப்னெஸ்ஸைக் கூட்டாதீர்கள். அது விவரத்தைச் சேர்க்காது, விளிம்புகளில் வெள்ளைக் கோடு போடும். பல டிவிகளில் 0 நடுநிலை, சோனியில் 50.

அப்புறம் அசைவை மென்மையாக்கும் வசதி. திரைப்படம் நொடிக்கு 24 ஃபிரேம். டிவி நடுவில் தானே ஃபிரேம்களை உருவாக்கிச் செருகும்போது, பெரிய படம்கூட வீடியோ கேமராவில் எடுத்த நாடகம் மாதிரி ஆகிவிடுகிறது. எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று பெயர். விளையாட்டுப் போட்டிக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், படத்துக்கு அணைத்துவிடுங்கள்.

விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள்

வேண்டாம். ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ சான்றிதழ் உள்ள கேபிள் 18 ஜிபிபிஎஸ் தாங்கும், டிஸ்க் பிளேயருக்கு அது தாராளம்.

நல்ல ஒலிக்கு ஆப்டிகல் கேபிள் போதும் என்று நினைப்பது

ஆப்டிகல் வழியாக ஸ்டீரியோவோ, சுருக்கப்பட்ட 5.1 டால்பியோ டிடிஎஸ்ஸோதான் போகும். ப்ளூ-ரேயின் சிறப்பே தரம் குறையாத டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ ஒலிதான். இரண்டுக்குமே அந்தக் கேபிளில் இடம் இல்லை. டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியாகவே ரிசீவருக்கு அனுப்பும் சாதாரண ஏஆர்சி துளையிலும் இவை இரண்டும் போகாது. அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி இருந்தால் போகும். முடிந்தவரை பிளேயரை நேராக ரிசீவரின் எச்டிஎம்ஐயில் செருகி, அங்கிருந்து டிவிக்குக் கொண்டு போங்கள்.

அதையும் செய்துவிட்டு ‘அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி முறை) வரவில்லை’ என்பவர்கள் பிளேயரின் ஒலி அமைப்பில் ‘பிட்ஸ்ட்ரீம்’ என்று வைத்து, ‘செகண்டரி ஆடியோ’ அல்லது ‘பிடி ஆடியோ மிக்ஸ்’ என்று இருப்பதை அணைக்க வேண்டும். மெனு சத்தத்தையும் விளக்க உரையையும் படத்தின் ஒலியோடு கலக்கத்தான் அந்த வசதி. அது இயங்கினால் அட்மாஸ் அப்படியே வெளியே வராது.

திரையில் நேரடியாக ஸ்ப்ரே அடிப்பது

கீழ் விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

டிஸ்க்கை வட்டமாகத் துடைப்பது

தரவு வட்டப் பாதையில்தான் இருக்கிறது. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். அப்படித் துடைக்கும்போது கீறல் விழுந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம்தான் அடிபடும், பிழை திருத்தும் முறை அதைச் சமாளித்துவிடும். வட்டமாகக் கீறினால் ஒரே பாதையில் நீளமாகத் தரவு போய்விடும்.

எந்தப் பக்கம் ஆபத்து என்பது டிஸ்க்கைப் பொறுத்தது. சிடியில் தரவு பெயர் அச்சிட்ட பக்கத்துக்கு உடனே அடியில் இருக்கிறது; அதனால் மேல் பக்கம் கீறினால்தான் அதிகச் சேதம். டிவிடியில் தரவு நடுவில், 0.6 மி.மீ. ஆழத்தில். ப்ளூ-ரேயில் வெறும் 0.1 மி.மீ. அடியில். மேலே கடினமான பூச்சு இருப்பதால் சின்னக் கீறல் எளிதில் விழாது, ஆனால் டிவிடிக்குச் செய்வதுபோலத் தேய்த்து மெருகேற்றும் இயந்திரத்தில் ப்ளூ-ரேயைக் கொடுத்துவிடாதீர்கள். தேய்க்க அங்கே தடிமனே இல்லை.

டிவியைப் படுக்க வைத்துக் கொண்டுபோவது

நிற்க வைத்துத்தான். போகிற இடம் எவ்வளவு கிட்டத்தில் இருந்தாலும்.

ரீஜியன் பார்க்காமல் வெளிநாட்டு டிஸ்க் வாங்குவது

ரீஜியன் என்பது டிஸ்க் எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்ற பூட்டு. டிவிடிக்கு 1 முதல் 6 வரை ரீஜியன்கள், ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி. அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு ரீஜியன் கிடையாது. ஆனால் அதே உறையில் கூட வரும் சாதாரண ப்ளூ-ரேக்கு இருக்கலாம், மேலே சொன்ன ஆறுதல் அப்போது பலிக்காது. கணினி டிவிடி டிரைவில் ரீஜியனை மாற்றலாம் என்றாலும் 5 தடவைதான். கடைசியாக வைத்தது நிரந்தரமாகிவிடும்.

பழைய டிவிடி பிளேயர் புது டிவிக்கு ஒத்துவராது என்று தூக்கிப் போடுவது

மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று துளைகள் புது டிவியில் இல்லாமல் இருக்கலாம். பின்னால் ‘ஏவி இன்’ என்று ஹெட்போன் துளை மாதிரி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கான அடாப்டர் கேபிள் சில டிவிகளின் பெட்டியிலேயே வரும். வெளியே தனியாக வாங்கினால் கவனம் தேவை: எல்லா நிறுவனமும் உள்ளே கம்பிகளை ஒரே வரிசையில் வைப்பதில்லை. படம் வராமல் இரைச்சல் மட்டும் கேட்டால் பிளேயரைக் குறை சொல்வதற்கு முன் மஞ்சள் முனையை மற்ற இரண்டு துளையிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள்.