நூதனசாலையிலும் பூங்காவிலும் விளக்கம் சொல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்தில் சின்னதாக ஒரு நூதனசாலை வைக்க வேண்டும் என்ற பேச்சு மலையக இளைஞர்களிடையே அடிக்கடி காதில் விழுகிறது. நல்ல ஆசை. ஆனால் பொருள் சேர்ப்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, அதை வருகிறவருக்கு எப்படிச் சொல்வது என்பதில் நாம் காட்டுவதில்லை. கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, பழைய செக்ரோல் (வேலைநாள் பதிவேடு) எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் ஒரு ஆசிரியரைப் பிடித்து "பலகைக்கு நாலு வரி எழுதித் தாங்க சேர்" என்கிறோம். மற்றத் தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

அந்த நாலு வரியில் என்ன இருக்கும்? இலங்கையில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய கதை: 1867, ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர தோட்டம், 19 ஏக்கர். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் தகவல் மட்டும் விளக்கம் ஆகாது என்று ஃபிரீமன் டில்டன் 1957இலேயே சொல்லிவிட்டார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்காக அவர் வகுத்த விதிகளில் முதலாவது, காட்டுகிற பொருளைப் பார்க்கிறவரின் வாழ்வோடு ஏதோ ஒரு வகையில் தொடுக்காத விளக்கம் பலன் தராது என்பது. பின்னால் வந்த ஆய்வாளர் சாம் ஹாம் இன்னொன்றை அழுத்திச் சொன்னார்: தலைப்பு வேறு, கருத்து வேறு. "தேயிலை" என்பது வெறும் தலைப்பு. கருத்து என்றால் முழு வாக்கியமாகச் சொல்ல வர வேண்டும்.

மலையகத்துக்கு அப்படி ஒரு வாக்கியம் சொல்லட்டுமா? "ஓர் இலைநோய்தான் நம்மை இந்த மலையில் தங்க வைத்தது." 1869இல் கோப்பிச் செடியில் துரு நோய் கண்டது, சில பத்தாண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் நிறைய ஆள் தேவை. அதனால் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர்களில் பலர் வேலை முடிந்ததும் திரும்பிப் போனார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். ஆகவே குடும்பத்தோடு தங்கினார்கள், லயங்கள் என்ற வரிசை வீடுகள் பெருகின. (நடுவில் சிங்கோனா என்ற மருந்து மரமும் வந்து போனது, அதை ஹக்கலைத் தாவரவியல் பூங்கா சொல்லட்டும்.) இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பொருளை வைப்பது, எதை விடுவது என்பது தெளிவாகிவிடும். துரைமாரின் படம் ஆறு மாட்டத் தேவையில்லை.

அடுத்தது, வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொள்வது. நூதனசாலை ஆய்வாளர்கள் ஜோன் ஃபால்க், லின் டியர்க்கிங் ஆகியோரின் ஆய்வுகள் சொல்வதன் சாரம் இது: ஒருவர் என்ன கற்றுக்கொண்டு போகிறார் என்பது, அவர் ஏற்கெனவே அறிந்தது என்ன, யாரோடு வந்தார், இடம் எப்படி இருந்தது என்ற மூன்றையும் பொறுத்தது. 1925இல் கட்டிய ஸ்டோருக்குள் (தேயிலைத் தொழிற்சாலைக்குள்) இயங்குகிற ஹந்தானை தேயிலை நூதனசாலைக்குத் தோட்டப் பிள்ளைகள் வந்தால், அவர்களில் சிலருக்குக் கொழுந்து வாட்டுவது பற்றி வழிகாட்டியைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அவர்களிடம் "உங்க ஸ்டோரில எப்படி?" என்று கேட்காமல் இருபது நிமிடம் பேசுவது வீண். பிரட்டுக்களத்து (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்து) படத்தின் முன்னால் பாட்டி பேரனுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தால், வழிகாட்டி வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

பாடசாலைச் சுற்றுலா என்றால் கழிப்பறை எங்கே, சாப்பாடு எப்போது, கடைக்குப் போகலாமா என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புது இடத்தில் பிள்ளைகளின் கவனம் முதலில் இடத்தின் மேல்தான் போகும். முன்பே தெரிந்தால் பாடம் ஏறும் என்பதற்கு ஆய்வு இருக்கிறது.

நீளமாக எழுதுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நூதனசாலைச் சோர்வு பற்றிப் பொஸ்டனில் 1916இலேயே எழுதிவிட்டார்கள். குனிந்து, எட்டிப் பார்த்துப் படிக்க வைத்தால் கால் வலிக்கும், ஆள் போய்விடுவார்.

பூங்காக்களில் வேறொரு தவறு. "பலர் இங்கே குப்பை போட்டு அழகைக் கெடுக்கிறார்கள்" என்று பலகை வைப்பது. படிக்கிறவருக்கு "ஓ, எல்லாரும் போடுகிறார்கள்" என்றுதான் கேட்கும். அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள தேசியப் பூங்காவில் உளவியலாளர் ரொபர்ட் சியால்டினி குழு இதைச் சோதித்துப் பார்த்தது. முன்பு வந்த பலர் மரத்துண்டுகளை எடுத்துப் போனதாகச் சொன்ன பலகை இருந்த பாதைகளில், வைத்திருந்த துண்டுகளில் 7.92 சதவீதம் களவு போனது. தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று மட்டும் சொன்னபோது 1.67 சதவீதம். ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்கா வாசலில் பொலித்தீனைக் கழற்றி வாங்கிக்கொள்வது நல்ல நடைமுறை. மரை மான் அதைத் தின்றால் என்ன ஆகும் என்று அங்கேயே ஒரு வரி சொன்னால், வாங்குவதற்குக் காரணமும் கூடவே புரியும்.

கசப்பானதை ஒதுக்கிவிடுவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. ஒரு மரபிடத்தின் வரலாற்றில் பங்குள்ள எல்லாச் சமூகங்களையும் விளக்கத்தில் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2008இல் மரபிடங்களுக்கான சர்வதேச அமைப்பான இக்கொமோஸ் சாசனமே ஏற்றது. தேயிலையின் கதையில் 1948இல் மலையகத் தமிழரிடமிருந்து பறிபோன குடியுரிமையும், 1940இல் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் இறந்த தொழிலாளி கோவிந்தனும் வராவிட்டால் அது விளம்பரம். அதேநேரம் வெறும் ஒப்பாரியாகவும் ஆக்கிவிடக்கூடாது. காமன் கூத்து, தொழிற்சங்கம், லயத்து அடுப்படிச் சிரிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் வாழ்க்கை. கம்பளைக்கு அருகே பழைய லயன் அறைகளிலேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

அப்புறம், பலகையை எடுத்த எடுப்பில் தகட்டில் அடிக்காதீர்கள். முதலில் சாதாரணக் கடதாசியில் அச்சடித்து ஒட்டிவிட்டு, ஓரமாக நின்று பாருங்கள். யார் நிற்கிறார், எந்த வரியில் கண் நகர்ந்துவிடுகிறது என்று தெரியும். வெளியே வருகிறவரிடம் "வீட்டுக்குப் போய் என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். பதில் நீங்கள் எழுத நினைத்த வாக்கியத்துக்குக் கிட்டே வரவில்லை என்றால், கடதாசியைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம்.